மலை ஏரியில் கோடைத் தூண்டில்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில், நியூசிலாந்தின் தென் தீவில் வசிக்கும் மகள் வீட்டுக்குப் போய் வந்ததைப் பற்றி எழுதியபோது, அங்கே ஒரு மலை ஏரியில் டிரவுட் மீன் பிடித்ததை நான்கு வரிகளில் தொட்டுச் சென்றிருந்தேன். பயணத்தைப் பற்றி ஒரே ஒரு கடிதம் வந்தது. அந்த நான்கு வரிகளைப் பற்றி வந்த கடிதங்களோ மலேசியாவின் தாப்பாவில் என் வீட்டு மேசையை நிறைத்துவிட்டன. தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் தூண்டிலை எளிதில் மறப்பதில்லை போலும். பிள்ளைகளைப் பார்க்க ஆண்டு இறுதியில் அந்தப் பக்கம் பயணம் போகிறவர்கள் நம்மில் பெருகி வருவதால், இந்த மாதப் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: முப்பது ஆண்டுகளாக, ஈயச் சுரங்கம் தோண்டி விட்டுப்போன ஈயக்குட்டைகளில் தோமானும் திலாப்பியாவும் பிடித்து வருகிறேன். உச்சி வெயிலில்தான் எனக்கு நல்ல மீன் கிடைத்திருக்கிறது. கிறைஸ்ட்சர்ச்சில் வேலை பார்க்கும் மகன் டிசம்பரில் மலை ஏரிக்கு அழைத்துப் போவதாகச் சொல்கிறான். ஆனால், கோடையில் நண்பகலில் டிரவுட் கடிக்கவே கடிக்காது என்கிறார் அங்கே போய் வந்த நண்பர் ஒருவர். இது உண்மையா? (வாசகர், சுங்கை சிப்புட்)

பதில்: நண்பர் சொன்னது பாதி உண்மை. மீதிப் பாதியைக் கடிகாரத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. தண்ணீருக்குள் வெப்பமானியை இறக்கித்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் நம் ஊர் மீனுக்கும் அந்த மீனுக்கும் உள்ள வேறுபாட்டைப் பார்ப்போம். தோமான், விரால், கெளுத்தி ஆகியவை தண்ணீருக்கு மேலே வந்து காற்றை விழுங்கிச் சுவாசிக்கும் உறுப்பை உடையவை. குட்டை வெந்நீராகக் கொதித்தாலும் அவற்றுக்கு மூச்சு முட்டாது. திலாப்பியாவுக்கு அந்த உறுப்பு இல்லையென்றாலும், குறைந்த உயிர்வளியை (ஆக்சிஜனை) தாங்கும் உடல்வாகு உண்டு. டிரவுட் செவுளை மட்டுமே நம்பி வாழ்கிற மீன். தண்ணீர் சூடேறச் சூடேற அதில் கரைந்து நிற்கும் உயிர்வளி குறைகிறது: கடல் மட்டத்தில் 10 டிகிரி செல்சியஸ் நீர் லிட்டருக்கு ஏறக்குறைய 11 மில்லிகிராம் உயிர்வளியைப் பிடித்து வைத்திருக்க முடியும், 20 டிகிரியில் அது 9 மில்லிகிராம், நம் குட்டைகளின் 30 டிகிரியில் ஏழரை. மலை மேலே காற்றழுத்தம் குறைவதால் இந்த அளவு மேலும் குறையும். 2,000 மீட்டர் உயரத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும். வரவு இப்படிச் சுருங்கும் அதே நேரத்தில், சூடான நீரில் மீனின் உடல் வேகமாக இயங்கி உயிர்வளியை அதிகமாகக் கேட்கிறது. வருமானம் குறைந்த மாதத்தில் கல்யாணச் செலவும் சேர்ந்து வந்தால் குடும்பம் என்ன பாடுபடுமோ, கோடையில் டிரவுட்டின் பாடு அதுதான். 10 முதல் 16 டிகிரி வரை உள்ள நீரில் அது சுறுசுறுப்பாக இரை தேடும். 20 டிகிரியைத் தாண்டினால் இரையின் மேல் உள்ள நாட்டம் போய்விடும். 25 டிகிரியை ஒட்டிய நீரில் நீண்ட நேரம் இருந்தால் பிழைக்காது.

அடுத்தது ஏரியின் அடுக்குகள். சிறு வயதில் ஈயக்குட்டையில் நீந்தியிருந்தால் இது உங்கள் காலுக்கே தெரியும்: மார்பு வரை வெதுவெதுப்பாக இருக்கும் தண்ணீர், காலை நேராகக் கீழே நீட்டியதும் சட்டென்று சில்லிடும். வெயிலில் சூடான நீர் எடை குறைந்து மேலே மிதக்க, குளிர்ந்த நீர் கனத்துக் கீழே தங்குகிறது. இரண்டுக்கும் நடுவே, ஒவ்வொரு மீட்டருக்கும் ஒரு டிகிரியோ அதற்கு மேலோ வெப்பம் இறங்கிக்கொண்டே போகும் மெல்லிய அடுக்கு ஒன்று உருவாகிறது. நம் குட்டைகளில் அந்த அடுக்குக்குக் கீழே அழுகிய இலையும் சேறும் உயிர்வளியைத் தின்றுவிடுவதால், அடிச்சேற்றைக் கிளறினால் அழுகிய முட்டை நாற்றம் வரும். பாறைகளுக்கு நடுவே பனியுருகி நிறைந்த தெளிந்த மலை ஏரிகளில் அழுகுவதற்கு அதிகம் எதுவும் இல்லை. ஆகவே அங்கே அடிநீர் குளிர்ச்சியாகவும் உயிர்வளி உள்ளதாகவும் கோடை முழுவதும் நிலைக்கிறது. மேல்நீர் சூடேறும்போது டிரவுட் அங்கே இறங்கிவிடுகிறது. நண்பகலில் கரையோரத்தில் எறிந்த தூண்டிலை அது தொடாததற்குக் காரணம் பசியின்மையாக இருக்க வேண்டியதில்லை. அந்த நேரத்தில் மீன் அந்த இடத்திலேயே இல்லாமல் போயிருக்கலாம்.

இதை நான் நம்பியது அளந்து பார்த்த பிறகுதான். பதினைந்து வெள்ளிக்கு வாங்கிய சாதாரண வெப்பமானி, கண்ணாடிப் போத்தல் ஒன்று, தக்கை, ஈயக்குண்டு, மீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்ட நைலான் கயிறு: இவ்வளவே தேவை. போத்தலின் அடியில் ஈயத்தைக் கட்டி, கழுத்தில் கயிற்றைச் சுற்றி, அதே கயிற்றின் ஒரு வளையத்தைத் தக்கையிலும் முடிந்து, வெறும் போத்தலை ஐந்தாவது முடிச்சு வரை இறக்கினேன். கயிற்றை வெடுக்கென்று இழுத்ததும் தக்கை கழன்று, தண்ணீருக்கு மேலே குமிழிகள் கொப்பளித்து வந்தன. அவை நின்றதும் போத்தல் நிறைந்துவிட்டது என்று பொருள். விறுவிறுவென்று மேலே இழுத்து வெப்பமானியை உள்ளே விட்டுப் பார்த்தேன். மேலே 19 டிகிரி காட்டிய ஏரி, ஐந்து மீட்டர் ஆழத்தில் 13 டிகிரி காட்டியது. போத்தலின் வெளிப்புறத்தில் முத்து முத்தாக வியர்த்திருந்தது. அதுவரை மேலாக மிதக்க விட்டுக் காத்திருந்த தூண்டிலை எடுத்து, நான்கு மீட்டர் வரை மூழ்க விட்டு மெதுவாக இழுத்தேன். அன்றைய முதல் மீன் அப்போதுதான் வந்தது, அதுவும் பகல் ஒன்றரை மணிக்கு.

அந்த நண்பர் கவனிக்காத பாதி இங்கேதான் இருக்கிறது. மிக உயரத்தில் உள்ள ஏரிகளில் கோடையிலும் மேல்நீர் 12, 14 டிகிரியைத் தாண்டாத நாட்கள் உண்டு. அப்படிப்பட்ட நாளில் விடியற்காலையில் பூச்சிகள் குளிரில் ஒடுங்கிக் கிடக்கும்; வெயில் ஏறிய பிறகே அவை பறக்கும், மீனும் கரைக்கு வரும். தாஸ்மேனியாவின் மேற்கு ஏரிகளில், 1,000 மீட்டருக்கு மேலே, மேகமற்ற நடுப்பகலையே தேடிப் போகும் தூண்டில்காரர்கள் இருக்கிறார்கள். கண்கூச்சத்தைத் தடுக்கும் கறுப்புக் கண்ணாடியை அணிந்து, அடித்தரை வரை தெரியும் நீரில் மீனைக் கண்ணால் கண்ட பிறகே தூண்டிலை எறிவார்கள். ஆகவே மேல்நீர் 17 டிகிரிக்குக் கீழே இருந்தால் நண்பகலிலும் கரையோரமாக நடந்து பாருங்கள். 18, 19 என்று ஏறினால் ஆழத்துக்கோ ஓடை வந்து சேரும் வாய்க்கோ போங்கள். 20 ஆகிவிட்டால் தூண்டிலைச் சுருட்டிவிட்டு, மகனோடு உட்கார்ந்து தேநீர் அருந்துங்கள். இன்னொன்று: அங்கே டிசம்பர் இறுதியில் சூரியன் மறைய இரவு ஒன்பது மணிக்கு மேல் ஆகிவிடும். ஏழேகால் மணிக்கு இருட்டிவிடும் நம் ஊர்ப் பழக்கத்தில், சாப்பாட்டு நேரம் வந்துவிட்டதென்று ஆறரைக்கே கிளம்பிவிடாதீர்கள். நாளின் சிறந்த இரண்டு மணி நேரம் அதற்குப் பிறகுதான் இருக்கிறது.

கேள்வி: கோடை என்று எழுதுகிறீர்கள், டிசம்பர் என்றும் எழுதுகிறீர்கள். குழப்பமாக இருக்கிறதே? (வாசகி, பாகான் செராய்)

பதில்: குழப்பம் என்னுடையதுதான், அம்மா. நியூசிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி கோடை மாதங்கள். அமெரிக்கா, கனடா, ஐரோப்பா ஆகியவற்றின் மலைகளில் ஜூன் முதல் ஆகஸ்டு வரை. அங்கேயும் மிக உயரமான ஏரிகளின் பனி ஜூலையில்தான் உருகும் என்பதால், மேலே போகப் போகக் கோடை சில வாரங்களாகச் சுருங்கிவிடும். பனி விலகிய முதல் நாட்களில் மீன் பசியோடு கரையோரம் சுற்றும். நீலகிரியில் கோடை என்றால் ஏப்ரலும் மே மாதமும். ஜூனில் மழை இறங்கிவிடும்.

கேள்வி: காற்று இல்லாத, தண்ணீர் கண்ணாடி போல இருக்கும் கரையைத் தேடி உட்காருவது என் வழக்கம். மலை ஏரிக்கும் அதுதானே நல்லது? (வாசகர், பீடோர்)

பதில்: வசதியாக இருக்கும், ஐயா, மீன் கிடைப்பது கடினம். காற்று எந்தக் கரையை நோக்கி வீசுகிறதோ, முகத்தில் அடிக்கும் அந்தக் கரையில்தான் நீரில் விழுந்த எறும்பு, வண்டு, சிள்வண்டு எல்லாம் வந்து ஒதுங்கும். சிற்றலை எழும்பிய நீரில் வெளிச்சம் உடைந்து சிதறுவதால் மீனுக்கு உங்கள் நிழலும் நூலும் தெளிவாகத் தெரியாது. அலை காற்றைக் கலப்பதால் மேல்நீரில் உயிர்வளியும் சேரும். தென் தீவில் மலையைத் தாண்டி வடமேற்கிலிருந்து இறங்கும் வறண்ட காற்று ஒன்று உண்டு. அது வீசும் நாளில் தொப்பியைக் கயிறு போட்டுக் கட்டிக்கொள்ள வேண்டியிருக்கும்.

ஆனால் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பலர் இதைக் கவனிப்பதில்லை. காற்று இரையை மட்டும் தள்ளிக்கொண்டு போவதில்லை. வெயிலில் சூடான மேல்நீரையும் சேர்த்துத் தள்ளி அதே கரையில் குவிக்கிறது. அப்படிக் குவியும்போது எதிர்க்கரையில் அடிநீர் மேலே ஏறி வரும். இரண்டு மூன்று நாட்கள் தொடர்ந்து வெயிலும் காற்றும் அடித்த பிறகு, இரை உள்ள கரை சூடாகவும் இரை இல்லாத கரை குளிர்ச்சியாகவும் இருப்பதைக் காணலாம். மீன் எதைத் தேர்ந்தெடுக்கும்? என் அனுபவத்தில், இரவில் குளிர்ந்த நீர் சூடேறுவதற்கு முன் காலையில் காற்றடிக்கும் கரையே சிறந்தது. பிற்பகலில் எதிர்க்கரையிலோ, பனியுருகிய ஓடை ஏரியில் கலக்கும் இடத்திலோதான் மீன் நிற்கும். ஓடை வாயில் குளிர்ச்சி, உயிர்வளி, இரை மூன்றும் ஒரே இடத்தில் கிடைக்கின்றன. தெக்காப்போ போன்ற பெரிய ஏரிகள் பனிப்பாறை அரைத்த கல்மாவு கலந்து நீலப்பால் நிறத்தில் இருக்கும்; அவற்றில் மீனைக் கண்ணால் தேடுவது வீண். அங்கே தெளிந்த ஓடை எங்கே வந்து கலக்கிறது என்று பார்த்து, பால் நிறமும் தெளிந்த நிறமும் சந்திக்கும் கோட்டில் எறிய வேண்டும்.

கேள்வி: பத்தீனுக்குச் செம்பனைப் பழம், திலாப்பியாவுக்கு ரொட்டி, விராலுக்குத் தவளை என்று நமக்கு ஒரு கணக்கு இருக்கிறது. டிரவுட்டுக்கு என்ன இரை? மண்புழு ஆகுமா? (வாசகர், தெலுக் இந்தான்)

பதில்: மண்புழுவை டிரவுட் வெறுப்பதில்லை, சட்டம்தான் பல இடங்களில் அனுமதிப்பதில்லை. நியூசிலாந்தில் ஒவ்வொரு ஏரிக்கும் தனி விதி உண்டு. சிலவற்றில் இறகும் நூலும் கட்டிச் செய்த போலி ஈயை மட்டுமே பயன்படுத்தலாம், சிலவற்றில் உலோகத் தகட்டுத் தூண்டிலும் ஆகும். அனுமதிச் சீட்டு இல்லாமல் தூண்டிலைத் தொடவே கூடாது. தாவ்போ ஏரிப் பகுதிக்குத் தனிச் சீட்டு. நாட்டின் மற்ற பகுதிகளுக்கு வாங்கியது அங்கே செல்லாது. விதிப் புத்தகத்தைப் படிக்கச் சோம்பல் பட்டால், மகனுக்கோ மகளுக்கோ அபராதக் கடிதம் போய்ச் சேரும்.

கோடையின் சிறப்பு என்னவென்றால், தரையில் வாழும் பூச்சிகள் தண்ணீரில் விழும் காலம் அது. நவம்பர், டிசம்பரில் பழுப்பு வண்டு. ஜனவரி, பிப்ரவரியில் சிள்வண்டு. வெயில் சுள்ளென்று அடிக்கும் பிற்பகல்களில் இறகு முளைத்த எறும்பு. நம் மழைக்கால ஈசலை நினைத்துக்கொள்ளுங்கள்: விளக்கடியில் அது விழும் இரவில் பல்லிகளுக்கு எப்படியோ, எறும்பு விழும் பிற்பகலில் டிரவுட்டுக்கு அப்படி. நீருக்குள் ஊசித்தும்பியின் இளம்புழு களைச்செடியிலிருந்து கரையை நோக்கி நீந்தும். அதைப் போல மெலிந்த பச்சைப் போலியைக் கட்டி, விரலால் நூலை அங்குலம் அங்குலமாக இழுத்தால் பழுப்பு டிரவுட் பின்தொடர்ந்து வரும்.

இரையைவிட முக்கியமானது நீங்கள் நிற்கும் நிலை. மீன் மேலே பார்க்கும்போது, ஒளி விலகுவதால், தலைக்கு மேல் ஏறத்தாழ 97 பாகை அகலமுள்ள ஒரு வட்டச் சாளரத்தின் வழியாகவே வெளியுலகம் முழுவதும் அதற்குத் தெரிகிறது. கரையில் நிமிர்ந்து நிற்கும் மனிதர் அந்தச் சாளரத்துக்குள் வந்துவிடுவார். குனிந்தோ முழங்காலிட்டோ இருப்பவர் அதன் விளிம்பில் நசுங்கி மங்கலாகிவிடுவார். தென் தீவில் எனக்குத் தூண்டில் சொல்லிக் கொடுத்த முதியவர், முதல் ஒரு மணி நேரம் என்னைத் தூண்டிலையே எடுக்க விடவில்லை. ஒரு புதருக்குப் பின்னால் உட்கார வைத்து, கரையை ஒட்டி ரோந்து போவதைப் போல ஒரே பாதையில் போய் வந்துகொண்டிருந்த பழுப்பு டிரவுட் ஒன்றைக் காட்டினார். பாதி அமிழ்ந்த கட்டையைத் தாண்டும், வெள்ளைக் கல்லருகே திரும்பும், ஏறக்குறைய ஆறு நிமிடத்தில் மீண்டும் வரும். அது கட்டையைத் தாண்டி அப்பால் போன பிறகு வெள்ளைக் கல்லருகே போலி வண்டைப் போட்டுவிட்டுக் காத்திருக்கச் சொன்னார். நாலாவது சுற்றில் நிதானமாக வாயைத் திறந்து எடுத்துக்கொண்டது. நான் பதற்றத்தில் உடனே வெட்டி இழுத்தேன். வெறும் முள்தான் வந்தது. அது வாயை மூடித் தலையைக் கீழே திருப்பும் வரை பொறுத்திருக்க வேண்டுமாம்.

கேள்வி: எங்கள் கேமரன் மலையிலும் குளிர்தானே? இங்கே டிரவுட் விட்டு வளர்த்தால் நியூசிலாந்துக்குப் போகாமலே பிடிக்கலாமே? (வாசகர், ரிங்லெட்)

பதில்: ஆசை நியாயமானதுதான். நமக்குக் கேமரன் மலைக் குளிர் கம்பளி கேட்கும் குளிர்; டிரவுட்டுக்கு அது வெயில். அங்குள்ள தானா ராத்தா நகரம் ஏறக்குறைய 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆண்டின் சராசரி வெப்பம் 18 டிகிரியை ஒட்டி நிற்கிறது. வெயில் படும் தேங்கிய நீர் அதற்கும் மேலே போகும். அதைவிடப் பெரிய குறை, நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு அருகில் குளிர்காலம் என்ற ஒன்றே இல்லாதது. வானவில் டிரவுட்டின் முட்டை 10 டிகிரி நீரில் ஏறத்தாழ ஒரு மாதம் கிடந்து பொரிக்கும். அந்தக் குளிர்ச்சி சில மாதங்களாவது தொடர்ந்து இருக்க வேண்டும். முட்டையிடுவதற்குச் சேறு படியாத கூழாங்கல் படுகையும் வேண்டும். ரிங்லெட் ஏரியில் தோட்டங்களிலிருந்து வந்து படியும் வண்டலை நீங்கள் தினமும் பார்ப்பவர், நான் சொல்லத் தேவையில்லை.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். 1,000 மீட்டர் ஏறினால் காற்று ஆறு, ஆறரை டிகிரி குளிரும். இலங்கையின் ஹோர்ட்டன் சமவெளி 2,100 மீட்டர் உயரம். நம்மைவிட 600 மீட்டருக்கும் மேல் அதிகம், ஆகவே நான்கு டிகிரி குறைவு. பிரிட்டிஷ்காரர்கள் கொண்டுவந்து விட்ட வானவில் டிரவுட் அங்குள்ள ஓடைகளில் இன்றும் வாழ்கிறது. நீலகிரியில் 1863-இல் பிரான்சிஸ் டே முயன்று தோற்ற பிறகு, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எச்.சி. வில்சன் அவலாஞ்சியில் குஞ்சுப் பண்ணை அமைத்து வெற்றி கண்டார். அங்கே ஜனவரியில் உறைபனி விழும். அந்தச் சில வாரக் குளிர்தான் முட்டைக்கு வேண்டியது.

நியூசிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் டிரவுட் மண்ணின் மீன் அன்று என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். 1864-இல் நோர்ஃபோக் என்ற கப்பல் இங்கிலாந்திலிருந்து மீன் முட்டைகளைப் பாசியில் பொதிந்து, பெட்டிகளின் மேல் பனிக்கட்டியை அடுக்கி, வெப்ப மண்டலத்தைக் கடந்து மெல்போர்னுக்குக் கொண்டுபோனது. அங்கிருந்து தாஸ்மேனியாவுக்குப் போன முட்டைகள் பிளென்டி ஆற்றங்கரைக் குளங்களில் பொரித்தன. 1867-இல் அங்கிருந்து பழுப்பு டிரவுட் நியூசிலாந்துக்குப் போய்ச் சேர்ந்தது. ரஜூலா கப்பலின் திறந்த தளத்தில் பாயை விரித்துக்கொண்டு பினாங்குக்கு வந்த நம் பெரியவர்களுக்குக் கிடைக்காத பராமரிப்பு, இந்த முட்டைகளுக்குக் கிடைத்திருக்கிறது.

கேள்வி: மீனைப் பிடித்துவிட்டு மறுபடியும் தண்ணீரில் விடுகிறார்களாம். சாப்பிடாத மீனை ஏன் பிடிக்க வேண்டும்? இது பாவமில்லையா? (வாசகி, கூலிம்)

பதில்: பாவ புண்ணியத்தை உங்கள் மனச்சாட்சிக்கு விட்டுவிடுகிறேன், அம்மா. கோடையில் விடுவது எப்போது உதவி, எப்போது வெறும் வேஷம் என்பதை மட்டும் சொல்கிறேன். ஏனென்றால் இதில் நானே தவறு செய்திருக்கிறேன்.

தூண்டிலில் மாட்டிய மீன் முழு வலிமையோடு போராடும்போது அதன் தசையில் அமிலம் சேர்கிறது. அதைக் கழுவி வெளியேற்ற உயிர்வளி நிறைய வேண்டும். குளிர்ந்த நீரில் சில மணி நேரத்தில் தேறிவிடும். சூடான நீரில் அந்த உயிர்வளி இல்லாததால், நன்றாக நீந்திப் போவதைப் போலப் போய், கண்ணுக்குத் தெரியாத ஆழத்தில் இறந்துவிடும். அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் ஆற்று நீர் தொடர்ந்து மூன்று நாட்கள் 73 பாரன்ஹீட்டை, அதாவது ஏறக்குறைய 23 செல்சியஸைத் தொட்டால், பிற்பகல் 2 மணி முதல் நள்ளிரவு வரை தூண்டில் போடுவதையே தடுத்துவிடுவார்கள். 23 வரை காத்திருப்பது அதிகம் என்பது என் கருத்து; 20 போதும்.

என் தவறு இதுதான். ஒரு பிப்ரவரிப் பிற்பகலில் வெப்பமானியை வண்டியிலேயே வைத்துவிட்டு, கிடைத்த அழகான வானவில் டிரவுட்டை, மெல்லிய நூல் அறுந்துவிடுமோ என்ற பயத்தில் பத்து நிமிடம் அலைய விட்டேன். பிறகு பேரன் படம் எடுக்க வேண்டும் என்றான். உலர்ந்த கையால் தூக்கி, ஒரு படம், சரியாக வரவில்லை என்று இன்னொன்று. விட்டதும் அது இரண்டு முழம் நீந்தியது, நின்றது, மெதுவாகப் பக்கவாட்டில் சாய்ந்து வெள்ளை வயிறு மேலே தெரிய மிதந்தது. கையில் பிடித்து ஓடை நீருக்கு எதிரே வைத்துக்கொண்டு கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். செவுள் மூடியின் அசைவு குறைந்து குறைந்து நின்றுபோனது. பேரன் அந்தப் படங்களை இன்றுவரை யாருக்கும் காட்டவில்லை.

ஆகவே, விடுவதாக இருந்தால் பின்னோக்கி நீட்டிய சிறு கூர் இல்லாத முள், தடித்த நூல், நனைந்த கை. மீன் தண்ணீரை விட்டு வெளியே வரக்கூடாது. சாப்பிடுவதாக இருந்தால் அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கைக்குள், பிடித்ததும் தலையில் ஓர் அடி அடித்து உடனே கொன்றுவிடுங்கள்; வாளியில் துடிக்க விடாதீர்கள். சூடான நாளில் சாப்பிடும் எண்ணமும் இல்லையென்றால், தூண்டில் போடாமல் இருப்பதே நேர்மை.

கேள்வி: வயதானவர்களுக்கு அங்கே என்ன ஆபத்து? (வாசகர், கோலகங்சார்)

பதில்: இரண்டு. கோடைப் பிற்பகலில் மலையில் இடிமேகம் நாம் எதிர்பார்ப்பதைவிட வேகமாகத் திரளும். கார்பன் இழைத் தூண்டில் கம்பு மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். முதல் இடி கேட்டதுமே கம்பைக் கீழே போட்டுவிட்டு வண்டிக்குள் போய்விடுங்கள். இன்னொன்று, மேலே வெயில் காய்ந்தாலும் தண்ணீர் 10, 12 டிகிரியாகவே இருக்கலாம். தவறி விழுந்தால் முதல் நொடியில் உடல் தன்னை அறியாமல் மூச்சை இழுக்கும், அப்போது தண்ணீர் உள்ளே போகும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் படகில் மிதவைச் சட்டையைக் கழற்றக்கூடாது.

கேள்வி: டிரவுட்டைக் குழம்பு வைக்கலாமா? அங்கே பாசாரில் என்ன விலை? (வாசகி, குளுவாங்)

பதில்: விலையே இல்லை, நியூசிலாந்தில் டிரவுட்டை விற்பதும் வாங்குவதும் சட்டப்படி குற்றம். சாப்பிட வேண்டுமானால் நீங்களே பிடிக்க வேண்டும், அல்லது பிடித்தவர் அன்பாகக் கொடுக்க வேண்டும். சிறு இறால் வகைகளைத் தின்று வளர்ந்த மீனின் சதை இளஞ்சிவப்பாக இருக்கும். புளிக்குழம்பு அதன் மென்மையான சுவையை அடித்துவிடும் என்பது என் கட்சி, மனைவி ஏற்றுக்கொள்ளவில்லை. மஞ்சளும் உப்பும் மிளகும் தடவி, தோல் மொறுமொறுப்பாகும் வரை வாட்டி எடுத்தால் போதும். சூடான, களை மண்டிய ஆழமற்ற ஏரியில் கோடையில் பிடித்த மீனில் சேற்று வாடை அடிக்கும். அதற்கு வேண்டுமானால் குழம்பு வையுங்கள்.

கேள்வி: இங்கே பயன்படுத்தும் தூண்டிலையே எடுத்துக்கொண்டு போகலாமா? (வாசகர், தாப்பா ரோடு)

பதில்: போகலாம், ஆனால் ஈயக்குட்டைச் சேறு அதில் ஒரு துளிகூட இருக்கக்கூடாது. 2004-இல் தென் தீவின் ஆறுகளில் டிடிமோ என்ற அயல்நாட்டுப் பாசி கண்டுபிடிக்கப்பட்டதிலிருந்து, ஓர் ஏரியின் ஈரம் இன்னோர் ஏரிக்குப் போகாமல் காக்க அவர்கள் மிகவும் கண்டிப்பாக இருக்கிறார்கள். ஈரத்தை உறிஞ்சி வைக்கும் கம்பளி அடிப்பாகம் கொண்ட நீர்க்காலணிகளுக்கு அங்கே தடை. கம்பு, ரீல், வலை, காலணி எல்லாவற்றையும் சோப்பு நீரில் கழுவி, தொட்டால் ஈரம் தெரியாத நிலைக்கு வந்த பிறகும் இரண்டு நாள் காய விடுங்கள். விமான நிலையப் படிவத்தில் தூண்டில் கருவிகளை எழுதிக் காட்டுங்கள்; அப்படியே அம்மா கட்டிக் கொடுத்த நெத்திலிக் கருவாட்டையும் பருப்புப் பொடியையும் எழுதிவிடுங்கள். எழுதிக் காட்டினால், அதிகம் போனால் பொருளை எடுத்துக்கொள்வார்கள். எழுதாமல் அகப்பட்டால் அந்த இடத்திலேயே 400 நியூசிலாந்து டாலர் அபராதம். வெப்பமானியைக் கைப்பையில் வைக்காதீர்கள். துணிக்கு நடுவே சுருட்டிப் பெட்டியில் வையுங்கள், என்னுடைய முதல் வெப்பமானி கோலாலம்பூரைத் தாண்டுவதற்குள்ளேயே உடைந்துவிட்டது.